மஞ்சள் கோட்டில் நின்றவன்

ராத்திரி மணி இரண்டரை. ஏரியிலிருந்து ஊருக்கு வரும் சாலை. பதினொரு கிலோமீட்டர். கம்பம் நட்டிருக்கிறார்கள், விளக்கு மாட்டவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவர் என் நண்பனுடைய அண்ணன். தனியாகத்தான் வருகிறார். ஆனால் வண்டியின் பின்பக்கம் அமுங்கியிருக்கிறது... பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அந்த மாதிரி.

இருங்கள். அதற்குள் எல்லோரும் கதவைப் பார்க்க வேண்டாம். இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. என் நண்பன் லீவு கேட்கும்போதுகூட உண்மைக் காரணத்தைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. வெளியே போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். பிறகு துணைக்கு வா என்று என்னைக் கூப்பிடாதீர்கள், நான் வர மாட்டேன்.

அண்ணனுக்கு வேலை மீட்டர் பிடிப்பது. அந்த ஏரியில் எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. அதில் இருந்ததெல்லாம் கதிர்வீச்சுக் கழிவு அடைத்த பீப்பாய்கள். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, தண்ணீருக்கு அடியில்தானே கிடக்கிறது, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். பீப்பாய்கள் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்த பிறகுதான் அடித்துப் பிடித்துக்கொண்டு கப்பலை வெளியே எடுக்கக் கிளம்பினார்கள். கிரேன் வந்தது. முக்குளிப்பவர்கள் வந்தார்கள். அவர்களைச் சோதித்து வெளியே விட அண்ணன் வந்தார்.

அந்த மீட்டர் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒயரில் தொங்கும் ஒரு குழாய். கதிர் இருக்கும் இடத்தில் குழாயைக் காட்டினால் சத்தம் வரும். சும்மா மேஜைமேல் வைத்தாலே டிக்... டிக்... என்று எப்போதாவது சொல்லிக்கொண்டிருக்கும். அது எல்லா இடத்திலும் இருப்பது, பயமில்லை. விவகாரமான இடத்துக்குக் கொண்டுபோனால் சடசடவென்று பொரிந்து தள்ளும்.

தண்ணீரிலிருந்து வருகிற ஒவ்வொருவனும் ரப்பர் உடுப்பைக் கழற்றி, குளித்துவிட்டு, ஏரிக்கரைக் கொட்டகை வாசலில் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டில் வந்து கையை விரித்து நிற்க வேண்டும். அண்ணன் குழாயைத் தலையிலிருந்து கொண்டுவருவார். தோள், மார்பு, வலது உள்ளங்கை, இடது உள்ளங்கை. பிறகு ஒரு காலைத் தூக்கச் சொல்லிப் பாதம், மறு காலைத் தூக்கச் சொல்லிப் பாதம். எல்லா இடத்திலும் இருநூறுக்குக் கீழே காட்டினால் "போ" என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் கோட்டைத் தாண்டலாம். பெரிய அதிகாரியாக இருந்தாலும் "போ"தான். மரியாதையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு தடவை அப்படி ஓர் அதிகாரி, "நான் தண்ணிலயே இறங்கலையே" என்று தாண்டப் பார்த்தார். அவருடைய ஷூவில் எழுநூறு காட்டியது. வெறுங்காலோடு காரில் ஏற்றி அனுப்பினார்கள். அண்ணன் இதை ஆறு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முக்குளிக்கிறவர்களில் ஒருவன் அண்ணனுடைய மச்சான். அண்ணியின் தம்பி. இருபத்து நாலு வயது. ஆள் குள்ளம், தண்ணீரைக் கண்டால் விட மாட்டான். அதனால் தவளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா அம்மா இல்லாமல் அண்ணி வளர்த்த பையன். அண்ணன் வீட்டிலேயேதான் இருந்தான். இந்த வேலைக்கு அவனைக் கூட்டிவந்ததும் அண்ணன்தான்.

அண்ணனுக்கு ஒரே பெண், நாலு வயது. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குத் தூங்க மாமா வேண்டும். தவளை எத்தனை மணிக்கு வந்தாலும் பக்கத்தில் படுத்துத் தலையில் மெதுவாகத் தட்டிக்கொடுக்க வேண்டும். அவன் காலடிச் சத்தம் கேட்டால் பாதித் தூக்கத்திலேயே சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விடுவாளாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கப்பலின் வயிற்றுக்குள் சேறு அள்ளும்போது தவளையின் இடது கையுறை கிழிந்துவிட்டது. பெரிய கிழிசல்கூட இல்லை. மேலே வந்தான், குளித்தான், கோட்டில் நின்றான். தலை... ஒன்றுமில்லை. தோள், மார்பு, வலது கை... ஒன்றுமில்லை. இடது உள்ளங்கைக்குக் குழாய் வந்ததும் மீட்டர் பொரிந்தது. நாலாயிரத்து இருநூறு.

"கழுவிட்டு வாடா" என்றார் அண்ணன்.

வெதுவெதுப்பான தண்ணீர், மருந்துச் சோப்பு, மெத்தென்ற பிரஷ். அழுத்தித் தேய்க்கவும் கூடாது, தோல் உரிந்தால் ஒட்டியிருப்பது உள்ளே போய்விடும். கழுவிவிட்டு வந்தான். நாலாயிரத்து இருநூறு. மறுபடி கழுவினான். ஏழு தடவை. கை ஊறி வெளுத்துச் சுருங்கிவிட்டது. எண்ணில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அண்ணன் அதிகாரிக்குப் போன் போட்டார். டாக்டர் வண்டி காலையில்தான் வரும், அதுவரை ஆள் கோட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள்.

"இது எப்ப அத்தான் போகும்?" என்று தவளை கேட்டான்.

"தானா போகணும்னா முப்பது வருஷத்துல பாதி ஆகுமாம்."

"மீதிப் பாதி?"

"அதுல பாதி போக இன்னொரு முப்பது வருஷம்."

தவளை சிரித்தான். "அப்ப அறுபது வருஷம் கழிச்சும் உங்க கோட்டுலயேதான் நிக்கணுமா?"

ஷிப்ட் முடிந்து வேன் வந்துவிட்டது. தவளை சிரிப்பதை நிறுத்தினான். "அத்தான், கையில ஒரு பையச் சுத்திக்கிறேன். எதையும் தொட மாட்டேன். நான் இல்லேன்னா பாப்பா தூங்க மாட்டா. போன்னு சொல்லுங்க."

அண்ணன் சொல்லவில்லை. சொல்லியிருக்கக் கூடாதுதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். "சோப்பு இருக்கு, பொறுமையா கழுவிக்கிட்டே இரு. விடிஞ்சதும் ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பார்க்கிற மனுஷன் அதை மட்டும் பார்க்கவில்லை.

வேன் கிளம்பும்போது தவளை கோட்டில் நின்று கையசைக்க இடது கையைத் தூக்கினான். பிறகு நினைவு வந்து அதைக் கீழே இறக்கிவிட்டு வலது கையை ஆட்டினான். அண்ணன் அவனைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

காலையில் போய்ப் பார்த்தால் கொட்டகையில் ஆள் இல்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. ஏரியில் இறங்கும் படிக்கட்டின் கடைசிப் படியில் சோப்பும் பிரஷ்ஷும் இருந்தன. தண்ணீர் தீர்ந்துபோய், கை கழுவ ஏரியில் இறங்கியிருக்கிறான். அந்த நேரத்து இருட்டில், அவ்வளவு களைப்பில் என்ன ஆனதோ. அவனோடு முக்குளித்தவர்கள் மூன்று நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அண்ணி அழவில்லை. "கை கழுவத்தான போயிருக்கான். கழுவிட்டு வருவான்" என்றாள். அவன் படுக்கையைச் சுருட்ட விடவில்லை. ராத்திரி வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடவில்லை. பாப்பா தினமும் சுவர்ப்பக்கம் நகர்ந்து படுத்து மாமா மாமா என்று சிணுங்கி, அழுது ஓய்ந்து தூங்கினாள். இதையெல்லாம் பார்க்க முடியாமல்தான் அண்ணன் ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் ராத்திரி. மணி ஒன்றரை. கொட்டகையில் அவர் மட்டும். மீட்டர் மேஜைமேல் இருக்கிறது. டிக்... ... டிக்... ... கொஞ்ச நேரம் கழித்து, டிக் டிக். பிறகு டிக்டிக்டிக். யாரும் தொடவில்லை. சேற்று வாடை வந்தது, துரு வாடை வந்தது. அதற்கு மேலே பளிச்சென்று மருந்துச் சோப்பின் மணம்.

மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்பக்கம் போகப் போகச் சத்தம் கூடியது. கோட்டில் யாரும் இல்லை. பழகிய கை, தன் பாட்டுக்குக் குழாயை நீட்டியது. ஒரு குள்ளமான ஆளின் தலை இருக்க வேண்டிய உயரம்... ஒன்றுமில்லை. தோள், மார்பு, வலது கை... ஒன்றுமில்லை. இடது கை இருக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்றில், மீட்டர் பொரிந்தது. குழாயை ஒரு சாண் நகர்த்தினால் நின்றது. திரும்பக் கொண்டுவந்தால் பொரிந்தது. எண்ணைப் பார்த்தார்.

எண் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் தினமும் ஒன்றரை மணிக்கு வந்தான். கையை விரித்துக்கொண்டு நிற்பான். அண்ணன் அதிகாரியிடம் சொன்னார், மீட்டரில் கோளாறு என்று வேறு மீட்டர் கொடுத்தார்கள். அதுவும் அதே எண்ணைத்தான் காட்டியது. அதிகாரி ஒரு ராத்திரி கூடவே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டது. சுவரெல்லாம் கதிர் ஊறியிருக்கும் என்று எழுதி வைத்துவிட்டு விடிவதற்குள் போய்விட்டார், அதோடு இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அண்ணனால் என்ன செய்ய முடியும்? ஒரு வாளி தண்ணீரையும் புதுச் சோப்பையும் கோட்டுக்கு உட்பக்கம் வைத்தார். "கழுவிக்கடா" என்றார். காலையில் பார்த்தால் சோப்பு பாதியாகத் தேய்ந்திருந்தது, தண்ணீர் கலங்கியிருந்தது. அன்றைக்கு ராத்திரி ஓடிப்போய் மீட்டரை வைத்துப் பார்த்தார். நாலாயிரத்து இருநூறு. பதினாறு சோப்பு தேய்ந்தது. எண் அசையவில்லை. என் நண்பனிடம் இதைச் சொல்லும்போது அண்ணன் அந்தச் சோப்புகளைப் பற்றித்தான் சொல்லிச் சொல்லி அழுதாராம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அண்ணியிடம் சொல்லிவிட்டார். பயப்படுவாள் என்று நினைத்தார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தினமும் வரானா?"

"வரான்."

"வந்து நிக்கறானா?"

"ம்."

"நாலு மாசமா என் தம்பிய வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க. போன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

"கையில இன்னும் இருக்குடி. பாப்பா இருக்கா வீட்டுல."

"செத்துப்போனவன் கையில என்னங்க இருக்கும்?" என்றாள். தம்பி செத்துப்போனான் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் வாயிலிருந்து வந்தது. அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

அப்படியும் அண்ணன் சொல்லவில்லை. அந்த வார்த்தையின் கனம் அவருக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை அவர் தப்பாகச் சொன்னதே கிடையாது. இப்படியே இன்னொரு மாதம் போனது.

அதற்குள் கப்பலை மேலே எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, பெட்டிகளில் அடைத்து எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். வேலை முடிந்தது. நாளை கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள், மஞ்சள் கோட்டைக் கொத்தி எடுத்துவிடுவார்கள், மீட்டரை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அதுதான் கடைசி ராத்திரி.

ஒன்றரைக்கு வந்துவிட்டான். அண்ணன் மீட்டர் பிடித்தார். எல்லாம் அதேதான். இன்றைக்கு விட்டால் இவனுக்கு இனிமேல் யாரும் மீட்டர் பிடிக்க மாட்டார்கள். கோடே இல்லாத இடத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்பான். முப்பது வருஷம். அறுபது வருஷம். அண்ணனுக்குத் தாங்கவில்லை. அண்ணி சொன்னதுதான் சரி, செத்தவன் கையில் என்ன இருக்கப் போகிறது, வார்த்தையைச் சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்ச் சேருவான் என்று நினைத்தார். மீட்டர் கையில் பொரிந்துகொண்டே இருந்தது.

"போ" என்றார்.

சத்தம் சட்டென்று நின்றது. சோப்பு மணம் போய்விட்டது. அண்ணன் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். மனசு லேசாகிவிட்டது. மீட்டரைப் பைக்குள் வைத்தார், கொட்டகையைப் பூட்டினார், வண்டியை எடுத்தார்.

இப்போது புரிகிறதா, அந்தச் சாலை? மணி இரண்டரை. பதினொரு கிலோமீட்டர்.

இரண்டாவது கிலோமீட்டரில் வண்டி அமுங்கியது. சேற்று வாடை. தோளுக்குப் பின்னால் மருந்துச் சோப்பு. பைக்குள் மீட்டரை அணைத்துத்தான் வைத்திருந்தார்... அது டிக்டிக்டிக் என்றது. அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. போ என்றால் அவன் எங்கே போவான்? அவன் போக வேண்டும் என்று கேட்டது ஒரே ஓர் இடம்தான்.

வண்டியை நிறுத்தினார். "வேணாம்டா. இறங்கு. பாப்பா இருக்காடா" என்று இருட்டைப் பார்த்துக் கெஞ்சினார். போகச் சொல்லத்தான் அவருக்கு வார்த்தை உண்டு. தாண்டிவிட்டவனைத் திரும்பக் கூப்பிட அந்த வேலையில் வார்த்தை கிடையாது, அப்படி ஒன்று யாருக்கும் தேவைப்பட்டதே இல்லை. மீட்டர் பொரிந்துகொண்டே இருந்தது. சரி, வீட்டுக்கே போகக் கூடாது என்று முடிவு செய்தார். விடியும்வரை எங்கேயாவது ஓட்டிக்கொண்டே இருப்போம் என்று தன் தெருமுனையைத் தாண்டி நேராக விட்டார்.

தெருமுனை தாண்டியதும் வண்டி லேசானது. மீட்டர் நின்றுவிட்டது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர் போன வேகத்தில் விழாமல் போனதே பெரிய விஷயம். வாசற்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அண்ணிதான் தாழ்ப்பாள் போட மாட்டாளே. அவள் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "தம்பி வந்துட்டான்" என்றாள் மெதுவாக.

அண்ணன் பையிலிருந்து மீட்டரை எடுத்தார். கதவில் கை வைத்துத் தள்ளும் இடம்... பொரிந்தது. அறை வாசல் நிலைக்காலில், குள்ளமான ஆள் கை ஊன்றும் உயரத்தில்... பொரிந்தது. பாப்பா சுவர்ப்பக்கமாக ஒட்டிப் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் அழாமல் தூங்கியிருக்கிறாள். அண்ணன் குழாயை அவள் காலில் தொடங்கினார். கால், வயிறு, மார்பு... ஒன்றுமில்லை. தலைக்குக் கொண்டுபோக அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் கொண்டுபோனார்.

நாலாயிரத்து இருநூறு.

குழந்தையை எழுப்பி, விடிகிறவரைக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அவள் அலறினாள். விடிந்ததும் பார்த்தால் சுத்தமாக இருந்தது. கதவும் சுத்தம், நிலைக்காலும் சுத்தம். ஆஸ்பத்திரியில் அவர்கள் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றுமில்லை, நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று அண்ணனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு மறுபடியும் அதே இடம், அதே எண்.

அண்ணன் மீட்டரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஏரியில் விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீடு மாற்றிப் பார்த்தார்கள். ஊரே மாற்றிப் பார்த்தார்கள். வெளியே போடா என்று ஒரு தடவை கத்தப் போனார், அண்ணி வாயைப் பொத்திவிட்டாள். "திரும்பவும் வாசல்ல நிக்க வைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அதோடு அவரும் விட்டுவிட்டார்.

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. பாப்பாவுக்கு இப்போது ஒன்பது. நன்றாகப் படிக்கிறாள், ஓடியாடி விளையாடுகிறாள். சமீபத்தில் கொஞ்சம் தலைமுடி கொட்டுகிறதாம். அந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொட்டுவதுதான் என்கிறார் டாக்டர்.

என் நண்பன் போன மாதம் அங்கே போய் ஒரு ராத்திரி தங்கினான். ஒன்றரைக்கு அண்ணன் அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்ப் பாப்பாவின் தலைக்கு மேலே மீட்டரைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். சத்தம் விடாமல் பொரியவில்லையாம். கூடுகிறது... குறைகிறது... கூடுகிறது... குறைகிறது. நிதானமாக, ஒரே சீராக. ரொம்ப நேரம் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார்கள். பிறகுதான் நண்பனுக்குப் புரிந்திருக்கிறது, யாரோ தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்கிற தாளம் அது.

நண்பன் பயந்துபோய் மீட்டரை அணைக்கச் சொன்னான். அண்ணன் அணைத்தார். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. அப்போது பாப்பா, கண்ணைத் திறக்காமலே, சுவர்ப்பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாளாம்.